தையலுக்கு விட்ட அரை இன்ச்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரை இன்ச் டெய்லர் என்றால்தான் தெரியும். யார் போய் நின்றாலும் அளவெடுத்து, பக்கத்துக்கு அரை இன்ச் கூட்டித்தான் வாய்விட்டுச் சொல்வார். "உடம்பு இன்னைக்கு இருக்கிற மாதிரியே நாளைக்கும் இருக்குமா? ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டா என் சட்டையைத்தானே திட்டுவான்?" என்பார். நாற்பது வருடத்தில் சட்டை தொளதொளவென்று இருக்கிறது என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. இறுக்கிப் பிடிக்கிறது என்று ஒருவரும் வந்ததில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை.

போன வருடம் ஒரு காலையில், கத்தரிக்கோலோடு எழுந்தவர் எழுந்த வேகத்திலேயே சரிந்தார். வலக்கை போயிற்று, வலக்கால் போயிற்று. பேச்சு மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு தப்பித்தது. கடையைக் காலி செய்தார்கள். வீட்டில் இருந்த தையல் மெஷினையும் கொடுத்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் கட்டில் வந்தது. கட்டிலை ஒட்டி ஒரு சக்கர நாற்காலி.

இரவில் அவருக்குச் சிறுநீர் நிற்பதில்லை. டயபர் போட்டுப் பார்த்தார்கள். நாலாம் நாளே தொடையில் புண் வந்து, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே தினமும் காலையில் இரண்டு விரிப்பு, ஒரு போர்வை, அவர் உடுத்திய துணி. எல்லாவற்றையும் அவருடைய மனைவி வாளியில் ஊறவைத்து, கும்மி, அலசி, பிழிந்து, கம்பியில் போட்டுவிட்டு ஏழு மணிக்கு வேலைக்கு ஓடுவாள்.

அவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கெட் போடுகிற வேலை. வீட்டுக்கு வருமானம் என்று அது ஒன்றுதான். அங்கே தினமும் வாசலில் சூப்பர்வைசர் முன்னால் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். முன்னும் பின்னும் திருப்பிக் காட்ட வேண்டும். நகம் வெட்டியிருக்கிறதா, காயம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். பத்து மாதத்துச் சோப்புத் தண்ணீரில் அவள் கை வெடித்துப் போயிருந்தது. ரப்பர் கையுறை போட்டுத் துவைத்துப் பார்த்தாள். உள்ளே வியர்த்து இன்னும் மோசமாயிற்று.

"என்ன கை இது? தண்ணி வத்தின ஏரி மாதிரி?" என்றாள் சூப்பர்வைசர்.

"சோப்பு ஒத்துக்கலீங்க."

"சோப்போ பன்னீரோ, ரத்தம் கசியற கையோட ரொட்டியைத் தொட விடமாட்டேன். ரெண்டு வாரம் பின்னாடி உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடி. ரெண்டு வாரம் கழிச்சு வர்ற திங்கக்கிழமை கையைக் காட்டு. ஆறியிருந்தா சரி. ஆறலேன்னா என் கையிலே ஒண்ணும் இல்லே. மேலேருந்து கேட்கிறாங்க."

சொன்னவள் கெட்டவள் இல்லை. தன் மேசையிலிருந்து ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்தாள். ராத்திரி தடவுகிற களிம்பைக் காலையில் வாளி வாங்கிக்கொண்டது.

அந்த வாரம் நாத்தனார் வந்தாள். டெய்லருக்கு ஒரே தங்கை. இரண்டு பஸ் மாறி வர வேண்டும் என்பதால் வந்ததும் கொஞ்ச நேரம் கோபமாகவே இருப்பாள்.

"அண்ணி, கையைக் காட்டுங்க."

அவள் காட்டவில்லை. நாத்தனார் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாக விட்டாள்.

"இதை வச்சுக்கிட்டா துணி கும்முறீங்க? அண்ணா, நீயாவது சொல்லக் கூடாதா?"

"நான் என்னத்தைச் சொல்ல?" என்றார் அவர், ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்து. "நனைக்கிற வேலை என்னது. துவைக்கிற வேலை அவளது. பிரிச்சுக்கிட்டோம்."

அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. அவர் வாயும் ஒரு பக்கம்தான் சிரித்தது.

நாத்தனார் ஒரு செய்தியோடுதான் வந்திருந்தாள். ஊருக்கு வெளியே ஓர் இல்லம். எழுந்து நடக்க முடியாதவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். இடம் கிடைக்காமல் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் ஒரு படுக்கையைப் பிடித்து வைத்திருக்கிறாள். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு வரைதான் வைப்பாளாம்.

"இவரை எங்கேயும் அனுப்ப மாட்டேன்" என்றாள் அவள்.

"வேலை போச்சுன்னா? ரெண்டு பேரும் காத்தைக் குடிப்பீங்களா?"

"ஏதாவது பார்த்துக்குவேன்."

"தலைக்கு மேலே வெள்ளம் போயாச்சு அண்ணி. இனிமே சாண் என்ன, முழம் என்ன? நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். எங்க அண்ணனும் எனக்கு வேணும், நீங்களும் வேணும்."

"ஒரு வாஷிங் மெஷின் இருந்தாப் போதும்" என்றாள் அவள். பத்து மாதமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை முதல் முறையாக வெளியே சொன்னாள். அவளுக்கே அது பேராசை போல இருந்தது.

நாத்தனார் எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். வீடு என்பது ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை, சமையலறையின் கோடியில் பாத்ரூம். பாத்ரூமுக்கு வேறு வழி கிடையாது. அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். "நம்ம வீட்டிலே உள்ளே போறதுக்கும் வெளியே போறதுக்கும் ஒரே ரூட்டுதான்" என்று கல்யாணமான புதிதில் டெய்லர் சொல்லிச் சிரித்ததுண்டு.

"இதுக்குள்ளேயா? எள்ளு போட்டா எள்ளு விழாது."

"அந்தச் சந்துலே."

சமையல் மேடை முடிகிற இடத்துக்கும் பாத்ரூம் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. மளிகை டப்பாக்கள், வாளி, துடைப்பம் எல்லாம் அங்கேதான். மேலே ஒரு குழாய் இருந்தது. கீழே தண்ணீர் போக ஓட்டை இருந்தது. மெஷினுக்கென்றே யாரோ விட்டுவைத்த மாதிரி இருந்தது, இத்தனை நாள் அப்படித் தோன்றாவிட்டாலும்.

நாத்தனார் இடுப்பில் கைவைத்து நின்றாள். "சரி. நான் வாங்கித் தர்றேன். மெஷின் அங்கே உட்கார்ந்துடுச்சுன்னா அண்ணன் இங்கேயே இருக்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். உட்காரலேன்னா அந்த ஞாயித்துக்கிழமை வண்டியோட வருவேன். அப்ப நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

"அளவு மட்டும் சரியாச் சொல்லுங்க. பெட்டியைப் பிரிச்சுட்டா கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டான்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "டேப்பை எடு."

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அளவுதானே? அதுக்கு இந்த வீட்டிலே ஆள் இல்லையா? டேப்பை எடுன்னா."

விழுந்த நாளிலிருந்து அவர் எதையும் கேட்டதில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிப்பார், திருப்பிப் படுக்கவைத்தால் திரும்புவார். அவள் அலமாரியிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்துத் தூசி தட்டி அவர் கழுத்தில் போட்டாள். சக்கர நாற்காலியில் உட்காரவைத்துச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். டப்பாக்களை எடுத்துச் சந்தைக் காலி செய்து கொடுத்தாள்.

அவர் இடக்கையால் டேப்பின் ஒரு முனையை எடுத்து அவளிடம் நீட்டினார். "மேடைக் கல்லோட ஒட்டிப் பிடி. தொங்க விடாதே." அவள் குனிந்து பிடித்தாள். அவர் மற்ற முனையை இழுத்துச் சுவரில் கட்டைவிரலால் அழுத்தினார். எண்ணை அவர்தான் பார்த்தார். அவர் அளவெடுக்கும்போது யாராவது எட்டிப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. கடையில் அதற்காகவே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறார். அவள் எட்டிப் பார்க்கவில்லை.

"எழுதிக்கோ. அகலம் இருபத்திநாலு."

காலண்டர் தாளின் பின்னால் எழுதினாள். இருபத்திநாலு. அவர் டேப்பைச் சுருட்டாமல் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். அன்று முழுவதும் அது கழுத்தில் கிடந்தது. சாப்பாடு ஊட்டும்போதுகூடக் கழற்ற விடவில்லை.

மறுநாள் நாத்தனார் கடையிலிருந்து போன் செய்தாள். "அண்ணி, இருபத்திமூணரைலே ஒண்ணு இருக்கு, இருபத்திரெண்டுலே ஒண்ணு இருக்கு. சின்னதுலே போர்வை சுத்தாதாம், குழந்தைத் துணிக்குத்தான் ஆகுமாம். பெரிசு எடுத்தா அரை இன்ச் மிச்சம். உரசாமப் போயிடும்கிறான். பெரிசே எடுத்துட்டேன்."

"அரை இன்ச் மிச்சமாம்" என்று அவள் அவரிடம் சொன்னாள்.

"நம்ம ராசி" என்றார் அவர்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மெஷின் வந்தது. அவள் லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பெட்டியை இரண்டு பேர் தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அரை மணி கழித்துப் பொருத்துகிறவர் வந்தார். முதுகில் பை, காதில் பென்சில், வாய் ஓயாத மனிதர்.

"இதுதான் கிச்சனா? நான் அலமாரின்னுல்ல நினைச்சேன்" என்றபடியே உள்ளே வந்தார். "கவலைப்படாதீங்க அக்கா. இதைவிடச் சின்ன இடத்திலே எல்லாம் வச்சுக் குடுத்திருக்கேன். ஆனா ஒண்ணு, இது ஒரு வாட்டி உள்ளே வந்தா அப்புறம் கிச்சன் இதோடதுதான். இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்கற ஜாதி."

அவள் சிரித்தாள். அடுத்த அறையில் அவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

பொருத்துகிறவர் அட்டையைக் கிழித்தார். தெர்மோகோலை உடைத்து எடுத்தார். பின்னால் இருந்த நான்கு போல்ட்டுகளைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று மெஷின் நின்றது. அதன் வட்டக் கண்ணாடியில் அவள் முகம் அகலமாகத் தெரிந்தது. அவர் அதை ஆட்டி ஆட்டி நகர்த்திச் சந்தின் வாயில் கொண்டுபோய் நிறுத்தித் தள்ளினார்.

கல்லில் தகரம் உரசியது. நின்றுவிட்டது.

கொஞ்சம் இழுத்து, நேராக்கி, மறுபடி தள்ளினார். ஒரு மூலை நுழைந்தது. அடுத்த மூலை சுவரில் இடித்தது.

"யானை போயிடும் போலிருக்கு, வால்தான் மாட்டுது" என்று சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தார். சந்தின் முன்பக்கத்தை அளந்தார். உள்பக்கத்தை அளந்தார். மறுபடியும் முன்பக்கத்தை அளந்தார். வாய் ஓய்ந்துவிட்டது.

"அக்கா, அளவு யார் எடுத்தது?"

"ஏன்?"

"இருபத்திமூணுதானே இருக்கு. இருபத்திநாலுன்னு..."

"மெதுவாப் பேசுங்க" என்றாள் அவள். கதவைப் பார்த்தாள். அறையில் சத்தமே இல்லை.

பிறகு பொருத்துகிறவர் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார். அவளும் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அரை இன்ச்தானே, சுவரில் கொஞ்சம் செதுக்க முடியாதா? அவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ளேதான் மேல் வீட்டுக்குப் போற பைப். உளி பட்டா நாலு மாடிக்கும் தண்ணி கிடையாது. அப்புறம் வீட்டுக்காரர் உங்களைச் செதுக்கிடுவார்." மேடைப் பக்கம்? "அந்தக் கல்லு மேலேதான் மேடையே உட்கார்ந்திருக்கு. தொட்டா அடுப்போட கீழே வரும்." பாத்ரூமுக்குள்? அவர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அறையில்? கட்டிலும் நாற்காலியும் போக ஆள் நிற்கிற இடம்தான் மிச்சம். அதோடு அழுக்குத் தண்ணீரை இந்த மோட்டார் அவ்வளவு தூரம் தள்ளாது.

"இங்கேயே வைக்கலாம்" என்றார் கடைசியில், சந்துக்கு முன்னால், நடக்கிற வழியில் கையால் ஒரு கோடு போட்டு. "குழாயும் எட்டும், ஓட்டையும் எட்டும். பாத்ரூமுக்குப் போக ஒரு பதினோரு இன்ச் வழி இருக்கும். நீங்க ஒருக்களிச்சுப் போயிடலாம்."

அவள் சக்கர நாற்காலி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டார். காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"என்ன ஆச்சு?" என்றது அறையிலிருந்து குரல்.

அவள் போய்க் கட்டிலருகே நின்றாள். "கம்பெனிக்காரன் பெரிய சைஸ் அனுப்பிட்டான்."

"மெஷின் எவ்வளவு?"

"என்னமோ சொன்னார்."

"தம்பி!" என்று கூப்பிட்டார். பொருத்துகிறவர் வாசலில் வந்து நின்றார். "மெஷின் அகலம் எவ்வளவு?"

"இருபத்திமூணரைங்க அய்யா."

"சந்து?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. "நீங்க சொன்னதுதாங்க அய்யா" என்றார் பொருத்துகிறவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொல்லும்போதே தரையைப் பார்த்தார்.

டெய்லரின் இடக்கை மார்பில் கிடந்த டேப்பின் முனையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"நான் தையலுக்கு விட்டுட்டேன்" என்றார்.

"இல்லீங்க."

"பக்கத்துக்கு அரை. டேப்லே இருபத்திமூணுதான் பார்த்தேன். வாய் இருபத்திநாலுன்னு சொல்லிடுச்சு." பேச்சு அதிகமாக இழுத்தது. "சந்துதான் சட்டை. மெஷின்தான் உடம்பு. நான் சந்தை உடம்புன்னு நினைச்சுட்டேன்."

"அரை இன்ச்சுக்கு என்னங்க, வேற வழி பார்க்கலாம்."

"நாப்பது வருஷத்திலே பிடிக்குதுன்னு ஒருத்தன் வந்ததில்லை" என்றார். சிரிப்பது போல வாயின் ஒரு பக்கம் போயிற்று. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவள் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

பொருத்துகிறவர் மெஷினைச் சமையலறைக்கு வெளியே, அறை வாசலில் தள்ளி வைத்துவிட்டு, தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது, "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கக்கா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. நம்பாமல் அடியில் கையை விட்டுத் தடவினாள். ரப்பர் விரிப்பும் காய்ந்துதான் இருந்தது.

"என்னங்க, நனையவே இல்லையே!"

"ம்" என்றார்.

பத்து மாதத்தில் முதல் முறையாக அவள் உட்கார்ந்து டீ குடித்தாள். கையில் சோப்புப் படாமல் வேலைக்குப் போனாள். அட்டைப்பெட்டி மடிக்கும்போது பக்கத்தில் இருந்தவளிடம், "அவருக்கு உடம்பு தேறுது" என்றுகூடச் சொல்லிவிட்டாள். நரம்பு ஒன்றொன்றாகத்தான் உயிர் பெறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருவேளை அந்த நரம்பாக இருக்கும். அது தேறிவிட்டால் மெஷினே வேண்டாம். நாத்தனார் வந்தால் காய்ந்த விரிப்பைக் காட்டலாம்.

சனிக்கிழமையும் காய்ந்திருந்தது. அன்று அவளுக்கு விடுமுறை. ஆனால் வெயில் ஏற ஏற அவர் பேச்சு மேலும் குழறியது. மத்தியானம் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகக் கூப்பிட்டபோது வேண்டாம் என்றார். முகத்தைத் துடைத்துவிடும்போதுதான் உதட்டைப் பார்த்தாள். தோல் உரிந்து, நடுவில் வெடித்திருந்தது. அவள் கையைப் போலவே.

அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போனாள். அவர் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போகும் தண்ணீர்ப் பாட்டில், வெள்ளிக்கிழமை அவள் நிரப்பிவைத்த அளவிலேயே நின்றது. அவருக்குத் தேறுகிறது என்ற சந்தோஷத்தில் அதை அவள் பார்க்கவில்லை. டீ ஆடை கட்டியிருந்தது. முந்தின நாள் ஊட்டிய சாப்பாட்டை ஏன் பாதியில் போதும் என்றார், ஏன் குழம்பு ஊற்றாமல் கேட்டார் என்பதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"குடிங்க" என்று பாட்டிலை வாயருகே கொண்டுபோனாள்.

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"என்ன பண்றீங்க நீங்க? செத்துப் போகணுமா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தானே" என்றார். "அவ வந்து பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் குடிக்கிறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கொஞ்சமாக் குடிக்கிறேன். ஒரு வேளை மட்டும். அளவாக் குடிச்சா நனையாது. பார்த்தியா, ரெண்டு நாள் நனையலே." அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. வேலை கேட்டு வந்தவன் தன் கைத்திறனைக் காட்டுகிற மாதிரி காய்ந்த விரிப்பை இடக்கையால் தட்டிக் காட்டினார். "நான் சரியா அளந்துக்குவேன். இந்த வாட்டி தப்பாது."

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். எதிரே அறை வாசலில் வெள்ளை மெஷின் நின்றிருந்தது. அதற்கும் கட்டிலுக்கும் நடுவே அவள் நிற்க மட்டும்தான் இடம் இருந்தது.

பிறகு போனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு வண்டியைக் கூட்டிட்டு வந்துடும்மா."

"அண்ணி, மெஷின் உட்காரலையா?"

"உட்காரலே."

"அளவு எப்படித் தப்பும்? நீங்க சரியா எழுதலையா?"

"ஆமா" என்றாள் அவள். "நான்தான் தப்பா எழுதிட்டேன்."

கட்டிலிலிருந்து அவர் ஏதோ சொன்னார். வாய் காய்ந்து போயிருந்ததால் அது வார்த்தையாக வரவில்லை.

போனை வைத்துவிட்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இனிமே அளக்க வேண்டாம். குடிங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார். ஒரு பாட்டில் முழுவதையும் குடித்தார். பாதி கழுத்தில் வழிந்தது. இன்னொன்று நிரப்பிக்கொண்டு வந்தாள். அதையும் குடித்தார்.

ஞாயிறு காலையில் விரிப்பும் போர்வையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நல்லதுதான் விடுங்க, உடம்புலே தண்ணி இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லி உடம்பைத் துடைத்துவிட்டாள். நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுவிட்டாள். அவரே தைத்த சட்டை. இளைத்த உடம்பில் அது இரண்டு பக்கமும் தொங்கியது.

நாத்தனார் வண்டியோடு வந்தாள். சண்டைக்குத் தயாராக வந்தவள், சண்டை இல்லாததால் அழுதாள். "ஒரு அளவு எடுக்கத் தெரியலையே அண்ணி உங்களுக்கு" என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். அவள் பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். இல்லத்துக்காரர்கள் நான்கு செட்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அறை வாசலில் மெஷின் நின்றதால் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. மெஷினை முதலில் சமையலறைக்குள் தள்ளிவிட்டுத்தான் அவரை வெளியே எடுக்க முடிந்தது.

வாசலைத் தாண்டும்போது அவர் அவளைக் கூப்பிட்டார். குனிந்தாள்.

"அந்தச் சின்னதையே வாங்கியிருக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை தொழிற்சாலை வாசலில் அவள் கையை நீட்டினாள். சூப்பர்வைசர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே, வெடிப்பெல்லாம் மூடிடுச்சே. இன்னும் நாலு நாள்லே ஆறிடும். என்ன பண்ணினே, களிம்பா?"

"துவைக்கிறது நின்னு போச்சுங்க."

"நல்லதாப் போச்சு" என்றாள் சூப்பர்வைசர். அவளுக்கு என்ன தெரியும்.

சாயங்காலம் அவள் கூப்பிட்டதும் பொருத்துகிறவர் வந்தார். வந்ததும் கட்டிலைப் பார்த்தார். விரிப்பு இல்லாமல் மெத்தை மட்டும் கிடந்தது. சக்கர நாற்காலி மடித்துச் சுவரில் சாய்த்திருந்தது. அன்று அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை. வியாழக்கிழமை கையால் கோடு போட்டுக் காட்டிய இடத்தில், நடக்கிற வழியில், மெஷினை நிறுத்தினார். குழாயை மாட்டினார். ஓட்டையில் பைப்பை விட்டார். கால்களைத் திருகி ஆட்டம் இல்லாமல் செய்தார். அரை மணியில் முடிந்துவிட்டது. பதினோரு இன்ச் மிச்சம் இருந்தது. அவள் ஒருக்களித்து ஒருமுறை போய் வந்து பார்த்தாள். தாராளமாகப் போக முடிந்தது.

"ஒரு துணி போட்டுப் பார்த்துடலாமாக்கா?"

நேற்றைய விரிப்பு ஒன்று வாளியில் கிடந்தது. போர்வையையும் மற்றத் துணிகளையும் நாத்தனார் எடுத்துக்கொண்டு போயிருந்தாள், தன் வீட்டில் துவைத்து இல்லத்தில் கொடுப்பதாக. அவள் விரிப்பை எடுத்து மெஷினுக்குள் போட்டாள். பொருத்துகிறவர் மூக்கைச் சுளிக்கவில்லை. கதவை மூடிப் பட்டனை அழுத்தினார்.

தண்ணீர் ஏறியது. விரிப்பு ஒரு முறை உருண்டது. சோப்பு நுரைத்தது. கொஞ்ச நேரம் கழித்து மெஷின் சுழலப் பார்த்தது, தடதடவென்று குதித்தது, நின்றது. மறுபடி சுழலப் பார்த்தது. மறுபடி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் விரிப்பு ஒரு பக்கமாகச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரிப்பேரா?" என்றாள்.

"இல்லக்கா. ஒத்தைத் துணின்னா அப்படித்தான். பாரம் ஒரு பக்கமாப் போயிடும், சுத்தாது. கூட ஏதாவது ஒண்ணு போடணும். அதே மாதிரி கனமா."

அவள் அறைக்குப் போனாள். கட்டிலுக்குக் கீழே தரையில் அவள் படுத்துக்கொள்ளும் விரிப்பு மடித்துக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்து கொடுத்தார். அவள் அதை உள்ளே போட்டாள்.

இந்த முறை குதிக்கவில்லை. இரண்டும் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஒட்டிக்கொண்டு, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து, பிறகு வேகம் பிடித்து, எது யாருடையது என்று தெரியாமல் ஒரே வெள்ளையாகச் சுற்றின.

"ஓடிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த பதினோரு இன்ச்சில் நின்றாள். தொழிற்சாலை வாசலில் நீட்டுவது போல இரண்டு கைகளையும் நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஈரமே இல்லை.